பாதுகாப்பு அமைப்புகளை ஆராய டெல்லிக்கு வருகிறவர்களுக்கு

டெல்லியில் அரசியல் அறிவியல் படிக்கிறேன் என்று ஊரில் சொன்னால் "கலெக்டராகத்தானே?" என்று கேட்பார்கள். இல்லை, நேட்டோ, ஐ.நா. பாதுகாப்புச் சபை, ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பு, இந்த மாதிரி அமைப்புகள் உள்ளே எப்படி நடக்கின்றன என்று ஆராய்ந்து பேராசிரியராகப் போகிறேன் என்றால், "அதுக்கு யார் சம்பளம் தருவா?" என்பது அடுத்த கேள்வி. அந்த இரண்டாவது கேள்வி நியாயமானது, அதற்கும் கீழே பதில் இருக்கிறது. நான் டெல்லியில் ஒரு கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒன்றேதான் என்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எந்த அமைப்பு என்று முடிவு செய்யும் முன்

வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பெரிய பெயரோடு வருவார்கள். "சார், நான் நேட்டோ பண்ணப் போறேன்." பண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அமைப்பின் காகிதங்கள் எங்கே இருக்கின்றன, எந்த மொழியில் இருக்கின்றன, எத்தனை வருடம் கழித்துத் திறப்பார்கள், அதில் வேலை பார்த்த யாராவது உங்களோடு உட்கார்ந்து பேசுவாரா, இதற்கெல்லாம் பதில் தெரியாமல் தலைப்பைப் பதிவு செய்துவிட்டால் மூன்றாவது வருடத்தில் செய்தித்தாள் கத்தரித்து ஆய்வேடு எழுதும் நிலைமைதான் வரும். இந்தக் கட்டுரையில் வேறு எது மறந்தாலும் இது மறக்கக் கூடாது: முதலில் காகிதத்தைத் தேடுங்கள், கேள்வி அதற்குப் பிறகு.

நேட்டோ என்ற அமெரிக்க-ஐரோப்பிய ராணுவக் கூட்டணியையே எடுத்துக்கொள்வோம். 1949 ஏப்ரல் 4-ல் 12 நாடுகள் சேர்ந்து தொடங்கியது, 2023-ல் பின்லாந்தும் 2024-ல் ஸ்வீடனும் சேர்ந்து இப்போது 32. காப்பகம் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது, பொதுவாக 30 வருடம் ஆன காகிதங்களைத்தான் பரிசீலித்துத் திறக்கிறார்கள். அப்படியென்றால் 2014-ல் ரஷ்யா கிரைமியாவை இணைத்துக்கொண்டபோது உள்ளே தூதர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று பார்க்க 2040-களின் நடுவரை காத்திருக்க வேண்டும், அதுவரை உங்கள் கைடு இருக்கமாட்டார். ஆனால் யார் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்ற கணக்கை நேட்டோவே வருடா வருடம் வெளியிடுகிறது. பொருளாதார அறிஞர்கள் மன்கர் ஓல்சனும் ரிச்சர்ட் செக்ஹவுசரும் 1966-ல் ஒரு கேள்வி கேட்டார்கள்: கூட்டணியில் பெரிய நாடு ஏன் தன் பங்குக்கு மேல் சுமக்கிறது, சின்ன நாடுகள் ஏன் நழுவுகின்றன? பாதுகாப்புச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எவ்வளவு என்பதில், 2014 வேல்ஸ் மாநாட்டில் 2 சதவீதம், 2025 ஹேக் மாநாட்டில் 2035-க்குள் 5 சதவீதம் என்று இன்றைக்கும் அதே சண்டைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்குப் (ஜே.என்.யூ.) பக்கத்து முனிர்க்காவில் ஒரு அறையும் ஒரு லேப்டாப்பும் கொஞ்சம் புள்ளியியலும் இருந்தால் இதைச் செய்யலாம். கூட்டணி ஒப்பந்தங்களின் ஷரத்துகளைப் பிரித்து எண்ணாக்கி வைத்த ஏட்டாப் (ATOP) என்ற தரவுத்தொகுப்பும், ஐ.நா. பொதுச்சபை ஓட்டுகளின் தொகுப்பும் இலவசமாகவே கிடைக்கின்றன.

சீனா, ரஷ்யா, மத்திய ஆசிய நாடுகள் சேர்ந்த ஷாங்காய் அமைப்பு இந்தியாவுக்குப் பக்கத்து வீடு மாதிரி தெரியும். 2017-ல் இருந்து நாம் உறுப்பினர், 2023-ல் தலைமையே நம்மிடம்தான் இருந்தது. ஆனால் அதன் அலுவல் மொழிகள் ரஷ்யனும் சீனமும், பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவின் அலுவலகம் தாஷ்கண்டில். வெளியே வருவது பெரும்பாலும் கூட்டறிக்கைதான், அதைப் படித்தால் எல்லோரும் எல்லாவற்றிலும் ஒத்துப்போவது போலத் தோன்றும். அதனால் அறிக்கை வராத இடத்தைப் பாருங்கள். 2025 ஜூனில் சிங்தாவ் நகரில் பாதுகாப்பு அமைச்சர்கள் கூடியபோது பஹல்காம் தாக்குதல் பற்றி ஒரு வரி இல்லை என்று இந்தியா கையெழுத்துப் போட மறுத்தது, கூட்டறிக்கையே வரவில்லை. ஒருமித்த முடிவு என்ற விதி எப்படி வேலை செய்கிறது என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இந்தப் பக்கம் போகிறவர்கள் முதல் வருடமே ரஷ்யன் ஆரம்பித்துவிட வேண்டும். ஜே.என்.யூ.வில் படிக்கலாம், ஃபெரோஸ்ஷா ரோட்டில் இருக்கும் ரஷ்யன் ஹவுஸிலும் வகுப்பு நடக்கிறது. மொழி இல்லாமல் மத்திய ஆசியா பற்றி எழுதுகிறவர்கள் டெல்லியில் ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள், நீங்களும் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டாம்.

ஆயுதக் கட்டுப்பாட்டு அமைப்புகளைப் பலர் கண்டுகொள்வதில்லை. வியன்னாவில் 1957-ல் தொடங்கிய சர்வதேச அணுசக்தி முகமை, ஹேக்கில் 1997-ல் தொடங்கிய ரசாயன ஆயுதத் தடை அமைப்பு. பின்னதின் முதல் தலைவர் ஹோசே புஸ்தானியை 2002-ல் அமெரிக்காவின் அழுத்தத்தில் பாதியில் வெளியே அனுப்பினார்கள், அவர் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தீர்ப்பாயத்துக்குப் போய் 2003-ல் ஜெயித்தார். தீர்ப்பு முழுசாக இணையத்தில் இருக்கிறது. சர்வதேச அமைப்பின் தலைவர் எந்த அளவுக்குச் சுதந்திரமானவர் என்ற கேள்விக்கு ஒரு முழு அத்தியாயம் அங்கேயே தயாராகக் கிடக்கிறது.

ஒரு கூட்டக் குறிப்பை எப்படிப் படிப்பது

ஐ.நா.தான் ஆரம்பிக்கிறவர்களுக்கு நல்ல களம், ஏனென்றால் பாதுகாப்புச் சபையின் திறந்த கூட்டங்களில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அச்சாகி இருக்கிறது. எஸ்/பி.வி. (S/PV) என்று தொடங்கும் எண்ணோடு ஐ.நா. மின்நூலகத்தில் தேடினால் வரும். எஸ்/பி.வி.6498 என்ற குறிப்பை இறக்கிப் பாருங்கள். 2011 மார்ச் 17, லிபியா. தீர்மானம் எண் 1973, லிபிய மக்களைக் காக்க ராணுவ நடவடிக்கைக்கு அனுமதி தந்தது. பத்து ஓட்டு ஆதரவு, எதிர்ப்பு இல்லை, ஐந்து நாடுகள் விலகல்: பிரேசில், சீனா, ஜெர்மனி, இந்தியா, ரஷ்யா.

புதிதாக வருகிறவர்கள் இந்த ஓட்டு எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு மூடிவிடுவார்கள். விஷயமே அதற்கு அடுத்துத்தான் இருக்கிறது. ஓட்டுக்கு முன் பேசியவர் யார், பின் பேசியவர் யார், யார் சார்பில் வெளியுறவு அமைச்சரே நேரில் வந்திருக்கிறார் (பிரான்ஸுக்கு அலென் ஜூப்பே வந்திருந்தார்), வீட்டோ கையில் இருந்தும் எதிர்த்து ஓட்டுப் போடாத இரண்டு நாடுகள் அதற்கு என்ன காரணம் சொல்கின்றன, இதையெல்லாம் பென்சிலை வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். இந்தியாவின் விளக்கத்தைப் பாருங்கள். களத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு நம்பகமான தகவல் குறைவு, இந்த நடவடிக்கையில் யார் இறங்கப்போகிறார்கள், என்னென்ன கொண்டு இறங்குவார்கள், எப்படிச் செய்வார்கள் என்பதில் தெளிவில்லை என்று நம் பிரதிநிதி சொல்கிறார். அப்புறம் தேதிகளைப் பக்கத்தில் எழுதுங்கள். மார்ச் 19-ல் குண்டுவீச்சு தொடங்குகிறது, மார்ச் 31-ல் முழுப் பொறுப்பும் நேட்டோ கைக்குப் போகிறது. இந்தியா கேட்ட "யார்?" என்ற கேள்விக்கு இரண்டே வாரத்தில் பதில் வந்துவிட்டது. ஐ.நா. அனுமதி கொடுக்கிறது, இன்னொரு அமைப்பு அதை நடத்துகிறது, அனுமதி கொடுத்தவருக்குப் பிறகு கடிவாளம் இருக்கிறதா? இந்த ஒரு கேள்வியில் முனைவர் பட்டம் வாங்கலாம், பல பேர் வாங்கியும் இருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அறைக்குள் கேமரா முன்னால் பேசுவது ஏற்கெனவே முடிவான பேச்சு. பேரம் நடப்பது மூடிய கலந்தாலோசனையில், அதற்குக் குறிப்பே எடுப்பதில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் காப்பகமும் நேர்காணலும்.

டெல்லியில் கைக்கு எட்டுவது

ஜன்பத்தில் தேசிய ஆவணக் காப்பகம். உங்கள் பல்கலைக்கழகத்தின் அறிமுகக் கடிதம், அடையாள அட்டை, இவை இருந்தால் உள்ளே போகலாம். போவதற்கு முன் அபிலேக் படல் என்ற அவர்களுடைய இணையதளத்தில் வெளியுறவு அமைச்சகக் கோப்புகளின் எண்களை எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போய்த் தேடலாம் என்று கிளம்பினால் முதல் நாள் வீண். சட்டப்படி 25 வருடம் ஆன கோப்புகள் வெளிவர வேண்டும், ஆனால் பட்டியலில் இருக்கும் எண்ணுக்கெல்லாம் கோப்பு வந்துவிடாது. இன்னும் ஒப்படைக்கவில்லை என்ற பதிலோடு சீட்டு திரும்பி வருவது எந்த ஆய்வாளருக்கும் புதிதில்லை. ஒரு கோப்பு வராவிட்டால் அதே விஷயம் வேறு பிரிவின் கோப்பில் நகலாகக் கிடக்கும், அமைச்சகத்தில் எதுவுமே ஒரே மேஜைக்கு மட்டும் போனதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தையும் முயன்று பார்க்கலாம், ஆனால் பிரிவு 8(1)(அ) வெளியுறவையும் பாதுகாப்பையும் விலக்கி வைத்திருப்பதால் அதை நம்பிக் காலத்தைத் தள்ள வேண்டாம்.

தீன் மூர்த்தி நூலகத்தில், இப்போது பிரதமர்கள் அருங்காட்சியகமும் நூலகமும் என்று பெயர் மாறிவிட்டது, இந்திரா காந்தியின் முதன்மைச் செயலாளர் பி.என். ஹக்சர், நேரு காலப் பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் போன்றவர்களின் தனிக் காகிதங்கள் இருக்கின்றன. சப்ரு ஹவுஸ் நூலகம் பழைய தாள்களுக்கு நல்ல இடம், ஜே.என்.யூ.வின் சர்வதேசக் கல்விப் பள்ளியே 1955-ல் அங்கே பிறந்து 1970-ல்தான் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

இங்கே ஒரு தலைப்பை இலவசமாகத் தருகிறேன். இந்தோசீனப் போரை நிறுத்திய 1954 ஜெனிவா மாநாட்டுக்குப் பிறகு வியட்நாம், லாவோஸ், கம்போடியா மூன்றுக்கும் சர்வதேசக் கண்காணிப்பு ஆணையங்கள் போட்டார்கள். தலைமை இந்தியா, கூட உட்கார்ந்தவர்கள் கனடாவும் போலந்தும். இது ஐ.நா. அமைப்பே கிடையாது, ஆனால் அமைதிகாப்பில் பின்னால் வந்த எல்லாச் சிக்கலும் அங்கே முன்னாலேயே வந்துவிட்டது: அறிக்கையில் எந்தச் சொல்லைப் போடுவது, ஒரு உறுப்பினர் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது, சோதனைக்குப் போக ஜீப்பை யார் தருவது. இந்தியக் கோப்புகள் டெல்லியில், கனடாவின் கோப்புகள் ஒட்டாவாவில், அமெரிக்க வெளியுறவு ஆவணத் தொகுதிகள் இணையத்தில் இலவசம். நேட்டோ என்று சொல்லிக்கொண்டு பிரஸ்ஸல்ஸ் விசாவுக்கு அலைவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

வெளிநாட்டுக் காப்பகம் தேவைப்பட்டால் வழிகள் உண்டு. ஐ.நா. காப்பகம் பொதுவாக 20 வருடத்தில் திறக்கிறது, அமைதிப்படைக் கோப்புகள் நிறைய ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இருக்கின்றன. ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு, 57 நாடுகள், தலைமையகம் வியன்னா, பிராக் நகரில் தன் ஆவண மையத்தில் ஆய்வாளர்கள் தங்கிப் படிக்க ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அமெரிக்கா போக ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு உதவித்தொகை.

நம்மிடம் இருப்பது

தமிழ் தெரிவது இந்தத் துறையில் பயன்படாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐ.நா. அமைதிப்படை பற்றி எழுதியிருப்பதில் பெரும்பகுதி நியூயார்க்கில் உட்கார்ந்த தூதர்களையும் படைத் தளபதிகளையும் கேட்டு எழுதியது. காங்கோவிலும் தெற்கு சூடானிலும் லெபனானிலும் சாவடியில் நின்றவர்கள் ஹவில்தார்களும் சுபேதார்களும், அதில் நம் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் போன ஊர்கள் இருக்கின்றன. அவர்களிடம் உட்கார்ந்து, எந்த உத்தரவு எப்படி வந்தது, சுடலாமா கூடாதா என்பதை உங்களுக்கு யார் சொன்னார்கள், பாகிஸ்தான் படைப்பிரிவு பக்கத்து முகாமில் இருந்தால் எப்படிப் பழகினீர்கள் என்று தமிழில் கேட்க லண்டன் ஆய்வாளரால் முடியாது. லெபனானில் இருக்கும் ஐ.நா. படையை 2026 டிசம்பர் 31-ல் முடித்துக்கொள்வதாகப் பாதுகாப்புச் சபை 2025 ஆகஸ்டில் தீர்மானித்திருக்கிறது, 1998-ல் இருந்து இந்தியப் பட்டாளம் அங்கே இருக்கிறது. போய்வந்தவர்களுக்கு ஞாபகம் மங்குவதற்குள் பதிவு செய்ய வேண்டிய வேலை இது. ஓய்வுபெற்றவர்களிடம் மட்டும் கேளுங்கள், பணியில் இருப்பவரைப் பேச வைத்து அவரை மாட்டிவிடாதீர்கள், பெயர் போடலாமா என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் தமிழ் மாணவர்கள் நிறையப் பேர் மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். 2009-ல் இலங்கையின் வன்னியில் இறுதிப் போர் நடந்தபோது ஐ.நா. என்ன செய்துகொண்டிருந்தது? இது மிக நல்ல ஆய்வுக் கேள்வி, ஆவணமும் இருக்கிறது. மர்சூகி தாருஸ்மான் தலைமையிலான நிபுணர் குழுவின் 2011 அறிக்கை, அதன் பிறகு ஐ.நா. தன்னைத்தானே விசாரித்துக்கொண்ட சார்ல்ஸ் பெட்ரியின் 2012 அறிக்கை. பின்னது ஐ.நா. அமைப்பே தவறியது என்று ஒத்துக்கொண்டது, அதிலிருந்துதான் 2013-ல் மனித உரிமைக்கு முன்னுரிமை என்ற புதிய நடைமுறையைக் கொண்டுவந்தார்கள். பாதுகாப்புச் சபை அந்தப் போரைத் தன் நிகழ்ச்சி நிரலில் முறைப்படி சேர்க்கவே இல்லை. அரசியல் அறிவியல் அறிஞர் மைக்கேல் பார்னெட் 1994-ல் அமெரிக்காவின் ஐ.நா. தூதரகத்தில் இருந்தபோது ருவாண்டா படுகொலை நடந்தது, அலுவலக வழக்கங்கள் எப்படி நல்ல மனிதர்களையும் சும்மா இருக்க வைத்தன என்று பிறகு எழுதினார். அந்தக் கண்ணோடு பெட்ரி அறிக்கையைப் படியுங்கள். கோபம் இருக்கலாம், இருக்கத்தான் செய்யும், ஆனால் ஆய்வேட்டில் அந்தக் கோபம் அடிக்குறிப்புகளாக மாறியிருக்க வேண்டும். யார் எந்தத் தேதியில் எந்தக் குறிப்பை யாருக்கு அனுப்பினார், எந்த எண்ணிக்கையை வெளியிடாமல் நிறுத்தினார், அதைக் காட்டினால் போதும், தேர்வாளர் வாயை மூடிக்கொள்வார்.

கோட்பாடு பற்றி ஒரு பத்தி போதும், இதில் வரும் பெயர்களெல்லாம் அமெரிக்க அறிஞர்கள். அமைப்புகளுக்கென்று தனி வலு கிடையாது, வல்லரசுகளின் கணக்குதான் எல்லாம் என்பது மேர்ஷைமர் கட்சி. தகவலைப் பகிர்ந்து, ஏமாற்றினால் தெரிந்துவிடும் என்று ஆக்கி, அமைப்புகள் ஒத்துழைப்பைச் சாத்தியமாக்குகின்றன என்பது கியோஹேன் கட்சி. அமைப்பு தனக்கென்று ஒரு புத்தி வளர்த்துக்கொள்கிறது என்பது பார்னெட், ஃபின்னமோர் கட்சி. மூன்றையும் படியுங்கள், ஆனால் முதல் அத்தியாயத்தில் எண்பது பக்கம் இதையே எழுதாதீர்கள், யாரும் படிப்பதில்லை.

ஓய்வுபெற்ற தூதரைப் பார்க்கப் போகும்போது

உலகத்தில் வேறெங்கும் இல்லாத வசதி டெல்லியில் இது. லோதி எஸ்டேட்டில் இந்தியா இன்டர்நேஷனல் சென்டரில் ஒரு மாலை கூட்டத்துக்குப் போனால் முன்னாள் தூதர் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். ராவ் துலா ராம் மார்க்கில் யு.எஸ்.ஐ. என்ற ராணுவ ஆய்வு நிறுவனத்தின் பக்கம் போனால் ஓய்வுபெற்ற ஜெனரல்கள். போய் வணக்கம் சொல்லுங்கள், மறுநாள் நாலு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். தமிழர் என்றால் "எந்த ஊரு?" என்று ஆரம்பித்து காபி வந்துவிடும்.

அங்கேதான் கவனம். "லிபியா விஷயத்தில் உங்கள் கருத்து என்ன சார்?" என்று கேட்டால் அவர் ஏற்கெனவே பத்திரிகையில் எழுதிய கட்டுரையை உங்களுக்கு ஒப்பிப்பார். நடைமுறையைக் கேளுங்கள். வரைவு உங்கள் கைக்கு எப்போது வந்தது? அதை டெல்லிக்கு அனுப்பினீர்களா, அல்லது நீங்களே முடிவு செய்யும் அளவுக்கு இடம் இருந்ததா? நியூயார்க்கில் சாயங்காலம் என்றால் இங்கே விடியற்காலை, அந்த நேரத்தில் போனை எடுத்தது எந்த மேஜை? பக்கத்து நாற்காலி நாடு கடைசி நேரத்தில் மாறியதை எப்படித் தெரிந்துகொண்டீர்கள்? இப்படிக் கேட்டால் மனிதர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்வார். அவர் பேசிய எஸ்/பி.வி. குறிப்பை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தால் இன்னும் நல்லது, சொந்தப் பேச்சைப் பார்த்ததும் பலருக்கு அதன் பின்னால் நடந்தது ஞாபகம் வரும். "இதை எழுதாதேப்பா" என்று நடுவில் சொன்னால் பேனாவை மூடி வையுங்கள், அவர் பார்க்கும்படி மூடுங்கள். எழுதலாம், பெயர் இல்லாமல் எழுதலாம், எழுதவே கூடாது என்ற மூன்றில் எது என்பதை உட்காரும்போதே பேசிக்கொள்வது உங்களுக்கும் அவருக்கும் நிம்மதி.

நுழைவதும் காசும்

எம்.ஏ.வுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் க்யூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு. முனைவர் பட்டத்துக்கு இப்போது பெரும்பாலும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்தான், வருடத்துக்கு இரண்டு முறை ஜூன், டிசம்பர் சுற்றுகள். முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மூன்று மணி நேரம், தப்புக்குக் கழிவு இல்லை, ஆகவே ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்குக் கஷ்டம் என்னவென்றால் அரசியல் அறிவியல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். இதற்குக் குறுக்குவழி கிடையாது, தினமும் ஒரு ஆய்வுக்கட்டுரையை எடுத்து அதன் வாதத்தை ஒரு பக்கம் ஆங்கிலத்தில் சுருக்கி எழுதிப் பழகினால் ஆறேழு மாதத்தில் கை பழகிவிடும்.

ஜே.ஆர்.எஃப். (நெட்டில் மேல் மதிப்பெண் எடுப்பவர்களுக்கான இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப்படி தனி. வயது வரம்பு 30, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு ஐந்து வருடத் தளர்வு. ஜே.ஆர்.எஃப். இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் மாதம் 8,000, அதை வைத்து டெல்லியில் என்ன செய்வது என்று கேட்காதீர்கள், விடுதி கிடைத்தால் ஓட்டலாம், கிடைக்காவிட்டால் முடியாது. அதனால் சேர்ந்துவிட்டோமே என்று நிற்காமல் ஜே.ஆர்.எஃப்.புக்கு மறுபடி எழுதிக்கொண்டே இருங்கள். எம்.ஃபில். 2022 விதிகளோடு போய்விட்டது, முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு.

எங்கே சேர்வது? ஜே.என்.யூ.வில் சர்வதேச அரசியல், அமைப்புகள், ஆயுதக்குறைப்பு மூன்றையும் பெயரிலேயே வைத்திருக்கும் சைபாட் மையம், நேட்டோவுக்கு ஐரோப்பியக் கல்வி மையம், ஷாங்காய் அமைப்புக்கு ரஷ்ய-மத்திய ஆசிய மையம். மைதான்கடியில் தெற்காசியப் பல்கலைக்கழகம். டெல்லி பல்கலை, ஜாமியா. ஆனால் இடத்தைவிட கைடு முக்கியம், கைடைப் பற்றி சீனியர்கள் சொல்வதைவிட, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளம் சொல்வது நம்பகமானது. அந்தத் தளத்தில் அவர் பெயரைப் போட்டு அவர் வழிகாட்டிய ஆய்வேடுகளை இறக்குங்கள். எத்தனை பேர் முடித்திருக்கிறார்கள், பதிவு செய்த வருடத்துக்கும் முடித்த வருடத்துக்கும் எவ்வளவு இடைவெளி, நூற்பட்டியலில் காப்பகக் கோப்பு எண்கள் இருக்கின்றனவா அல்லது இணையதள முகவரிகள் மட்டுமா, நன்றியுரையில் மாணவர் அவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார். எல்லா நன்றியுரையும் புகழ்ச்சிதான், ஆனால் வரைவை வரிவரியாகத் திருத்தினார் என்று எழுதுவதற்கும் அன்னாரின் ஆசியால் என்று எழுதுவதற்கும் வித்தியாசம் தெரியும்.

அறை என்றால் முனிர்க்கா, பேர் சராய், கட்வாரியா சராய். ஆர்.கே. புரத்தில் மலை மந்திரும் தமிழ்ச் சங்கமும் நடந்து போகும் தூரம் இல்லையென்றாலும் ஆட்டோ தூரம், சாம்பாருக்கு ஏங்கி யாரும் படிப்பை விட்டதில்லை. நவம்பர் புகைதான் சிரமம், ஆஸ்துமா இருப்பவர்கள் யோசித்து வாருங்கள்.

எழுதுவது, வேலை

கட்டுரை எங்கே போடுவது என்ற அவசரத்தில் பணம் வாங்கிக்கொண்டு அச்சிடும் இதழ்களில் விழுந்துவிடாதீர்கள். யு.ஜி.சி. தான் ஏற்கும் இதழ்களின் கேர் பட்டியலை 2025-ல் கைவிட்ட பிறகு இந்தக் கடைகளுக்குக் கொண்டாட்டம். முதல் கட்டுரைக்கு ஜே.என்.யூ.வின் இன்டர்நேஷனல் ஸ்டடீஸ், 1945-ல் இருந்து வரும் இந்தியா குவார்ட்டர்லி, பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் ஸ்ட்ராட்டஜிக் அனாலிசிஸ், இவை சரியான இடம். அடுத்தது இன்டர்நேஷனல் பீஸ்கீப்பிங், குளோபல் கவர்னன்ஸ். இன்டர்நேஷனல் ஆர்கனைசேஷனுக்கும் ஒரு முறை அனுப்புங்கள், நிராகரிப்புக் கடிதத்தோடு வரும் மதிப்புரை உங்கள் கைடு ஒரு வருடத்தில் சொல்லாததைச் சொல்லிவிடும். இங்கிருந்து கிளம்பினால் எட்டாது என்றும் நினைக்க வேண்டாம். ஆசியான் பற்றி எழுதிய அமிதாவ் ஆச்சார்யாவும், கேரளத்துக்காரர் டி.வி. பாலும் ஜே.என்.யூ.வில் படித்துவிட்டுப் போனவர்கள்தான், இருவருமே சர்வதேசக் கல்விச் சங்கத்தின் தலைவர்களாக இருந்திருக்கிறார்கள்.

சிந்தனைக்குழு வேலை தப்பில்லை, மாதச் சம்பளம் வரும், தூதர்களைப் பார்க்கலாம். ஆனால் அங்கே இன்றைக்கு நடந்ததைப் பற்றி நாளைக்கே எழுத வேண்டும், எழுதியதைப் பேராசிரியர் தேர்வுக் குழு கட்டுரையாக எண்ணாது. இரண்டு வருடம் இருந்துவிட்டு ஆய்வேட்டுக்குத் திரும்ப முடியாமல் போனவர்களை நிறையப் பார்க்கிறேன். டி.வி. விவாதத்துக்குக் கூப்பிட்டால் பட்டம் வாங்கும் வரை "நேரம் இல்லை" என்று சொல்லிவிடுவது உத்தமம்.

வேலை கிடைக்கும் வரை இடையில் ஒரு காலம் உண்டு. விருந்தினர் விரிவுரையாளருக்கு யு.ஜி.சி. விகிதம் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000-க்கு மேல் போகாது, விடுமுறை மாதத்தில் ஒன்றும் கிடையாது. நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 57,700-ல் தொடங்கும். இந்த இடைவெளி சிலருக்கு ஒரு வருடம், சிலருக்குப் பல வருடம், ஆகவே டெல்லியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்காமல் திருவாரூர், புதுச்சேரி, ஹைதராபாத் என்று எல்லா விளம்பரத்துக்கும் போடுங்கள்.

நேர்முகத்துக்குப் போகும்போது உங்கள் ஆய்வேட்டைப் பற்றி அதிகம் கேட்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். "கௌடில்யர் கூட்டணி பற்றி என்ன சொல்கிறார்?", "இளங்கலை இரண்டாம் வருடத்துக்கு ஐ.நா. சாசனத்தின் ஏழாவது அத்தியாயத்தை ஐந்து நிமிடத்தில் நடத்திக் காட்டுங்கள்", "இதெல்லாம் இந்தியாவுக்கு என்ன பயன்?" இந்த வகைதான் வரும். முதலாவதற்கு, பக்கத்து நாடு பகை, அதற்கு அடுத்தது நட்பு என்ற மண்டலக் கோட்பாட்டைத் தெரிந்து வைத்திருங்கள். இரண்டாவது, பாதுகாப்புச் சபை படைபலத்துக்கு அனுமதி தர வழிசெய்யும் அத்தியாயம், அதை லிபியா தீர்மானத்தை வைத்து நடத்துங்கள், கரும்பலகையில் மூன்று தேதி எழுதினாலே பாடம் நகர்ந்துவிடும். மூன்றாவதற்கு நிரந்தர இடம், வல்லரசு என்று மேடைப் பேச்சு பேசாமல், இந்தியா எட்டு முறை பாதுகாப்புச் சபையில் உட்கார்ந்திருக்கிறது, கடைசியாக 2021-22-ல், அந்த இரண்டு வருடத்தில் எந்தெந்தத் தீர்மானத்தில் என்ன காரணம் சொல்லி விலகி நின்றது என்று மூன்று உதாரணம் சொல்லுங்கள். குழுவில் ஒருவராவது குறிப்பெடுக்க ஆரம்பிப்பார்.